குவைத்தில் அம்மா, ஊரில் பேச்சை நிறுத்திய மகன்: ஒரு கடிதத்துக்குப் பதில்

கடிதத்தின் சுருக்கம் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன)

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து குவைத்துக்குப் போய், மூன்று வருடத்துக்கு மேலாக வீட்டு வேலை பார்க்கும் 38 வயதுத் தாய் எழுதியிருக்கிறார். கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் செய்தும் காப்பாற்ற முடியவில்லை. வைத்தியத்துக்கு வாங்கிய கடன் நாலரை லட்சம். அவர் இறந்த எட்டாவது மாதம், 13 வயது மகனிடமும் 9 வயது மகளிடமும் “மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு இவர் விமானம் ஏறிவிட்டார். பிள்ளைகள் அம்மாச்சியின் பொறுப்பில். அம்மாச்சிக்குச் சர்க்கரை, மூட்டுவலி. பணம் கொழுந்தனார் கணக்குக்குப் போகிறது. முதல் ஒப்பந்தம் முடிந்து ஒரு மாத லீவில் வந்து திரும்பியவருக்கு, இரண்டாவது ஒப்பந்தத்தில் இன்னும் பத்து மாதம் பாக்கி. கடனில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பாக்கி.

மகன் இப்போது பிளஸ் ஒன். பத்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவன். ஆறு மாதமாகத் தலைவலி, வயிற்றுவலி என்கிறான். ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போவதில்லை. ராத்திரி முழுக்கச் செல்போன். அம்மா அழைத்தால் எடுப்பதில்லை. எடுத்தால் “ம்” மட்டும். அவன் கையில் கீறல்களைப் பார்த்த தங்கை, யாருக்கும் தெரியாமல் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் அவன் அவளிடம், “நான் இல்லைன்னா அம்மா திரும்பி வந்திருவாங்கள்ல?” என்று கேட்டிருக்கிறான்.

‘விலை உயர்ந்த போன் வாங்கிக் கொடுத்து நானே கெடுத்துவிட்டேனா? எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடவா? ஹாஸ்டலில் சேர்த்தால் சரியாகிவிடுவான் என்கிறார் கொழுந்தனார். அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போகிறார். மனநல மருத்துவரிடம் காட்டினால் பைத்தியம் என்ற பெயர் வந்து, அவன் ஆசைப்படும் போலீஸ் வேலை போய்விடாதா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கேள்விப் பட்டியலில் இல்லாத ஒன்றுதான் எனக்கு முதலில் நிற்கிறது: அவன் தங்கையிடம் கேட்ட அந்தக் கேள்வி. “சின்னப் பிள்ளை ஏதோ பேசுறான், விடுங்க” என்று கொழுந்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். விட முடியாது. 16 வயதுப் பையன் இப்படிக் கேட்கிறான், கையிலும் கீறல் இருக்கிறது என்றால், அவனை ஒரு மனநல மருத்துவர் இந்த வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாக நினைத்து அதைச் செய்வதில்லை. உள்ளே அடைத்துக்கொண்டு வரும் வேதனையை அந்த நேரத்துக்காவது தாங்க அவர்களுக்குக் கிடைத்த வழி அது. தவறான வழி, ஆனால் நாடகம் அல்ல. உங்கள் மகன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதை அவனோடு நேரில் உட்கார்ந்து பேசுகிறவர்தான் சொல்ல முடியும். கடிதத்தை வைத்து நானும் சொல்ல முடியாது, போனில் குரலை வைத்து நீங்களும் சொல்ல முடியாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

அவனிடம் நேரடியாகக் கேளுங்கள். சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. அக்கறையோடு கேட்கும்போது, தனியாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. “சாமி, உசுரோட இருக்க வேணாம்னு உனக்குத் தோணுதாப்பா? சொல்லு, நான் திட்ட மாட்டேன், அழுது உன்னைப் பயமுறுத்தவும் மாட்டேன்” என்று உங்கள் பேச்சிலேயே கேளுங்கள். தங்கை சொன்னாள் என்று காட்டிக்கொடுக்க வேண்டாம்; “நீ ரொம்ப வாடிப்போன மாதிரி தெரியுது” என்று தொடங்கினால் போதும். “ஆமா” என்றால், “ஏன்டா அப்படி நினைக்கிற” என்று பாயாமல், எப்போதெல்லாம் தோன்றுகிறது, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். யோசித்து வைத்திருக்கிறேன் என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே யாராவது பெரியவர் கூட இருந்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டிக்கு 108.

அதே அழைப்பில் இன்னொன்றையும் அவன் காதில் போட்டுவிடுங்கள்: “நீ நல்லா இருந்தாலும் நான் வருவேன். என்னை வரவைக்க நீ உன்னை எதுவும் பண்ணிக்க வேண்டியதில்லை.” அவன் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது; அப்பா இறந்தபோது எல்லாரும் வந்தார்கள், நான் போனால் அம்மா வருவாள் என்ற கணக்கு. அதை உடைக்க வேண்டியவர் நீங்கள்தான்.

வீட்டில் வயலுக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து, அம்மாச்சியின் மாத்திரை டப்பா எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. வயல் மருந்து வீட்டிலேயே வேண்டாம், வேறொருவர் பொறுப்பில் பூட்டிவைக்கட்டும். இந்த எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து சில மணி நேரத்தில் தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்ததாலேயே பிழைத்தவர்கள் ஏராளம்.

மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அம்மாச்சியோ கொழுந்தனாரோ மகனோ, யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பிள்ளைகளுக்கான 1098 எண்ணும் இருக்கிறது. 108-ஐயும் சேர்த்து இந்த மூன்று எண்களையும் வீட்டுக் காலண்டரில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்ய ஊரில் பெரியவர் ஒருவர் வேண்டும். அம்மாச்சிக்கு உடம்பு முடியவில்லை. கொழுந்தனார் இதை நம்பவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் உங்கள் தம்பி வருகிறார். திருச்சியில் வேலை பார்ப்பவர், மகனைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவர். தாய்மாமன்தான் இதற்குச் சரியான ஆள் என்று எனக்குப் படுகிறது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். முழு விஷயத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவனுக்குத் திமிர் இல்லை

‘கேட்டதையெல்லாம் அனுப்பினேன், கொழுப்பேறிவிட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அடுக்கியிருப்பவை வேறு கதை சொல்கின்றன. காரணம் தெரியாத தலைவலி, வயிற்றுவலி, தூக்கம் கெடுவது, பள்ளியைத் தவிர்ப்பது, முன்பு பிடித்த கபடியை விட்டது, எரிச்சல், பேசாமல் ஒதுங்குவது. பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாகத் தெரியும். இந்த வயதுப் பையன்களுக்குக் கோபமாகவும் உடம்புவலியாகவும் தெரிவதுதான் அதிகம். வலி பொய் இல்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அவனுக்கு உண்மையாகவே வலிக்கிறது. “நடிக்கிறான்” என்ற சொல்லை வீட்டில் எல்லாரும் நிறுத்த வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்று என்னை உறுத்தியது. கணவரின் சாவுக்கு ஒரே ஒரு வரி. கடனுக்கு ஒன்றரைப் பக்கம். உங்கள் நிலையில் அது இயல்பு, துக்கப்பட உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பையனின் பக்கமிருந்து பாருங்கள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார், வரவில்லை. எட்டு மாதம் கழித்து அம்மாவும் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள், வரவில்லை. அம்மா குவைத்தில் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது மூன்றாம் நாள், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி. அந்த மூன்று நாளும் அவன் என்ன நினைத்திருப்பான் என்று யாரும் இதுவரை அவனிடம் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். “அழுவீங்கன்னு பயந்து பொய் சொல்லிட்டேன். அது தப்பு. என்னை மன்னிச்சிரு” என்று சொல்லுங்கள். தாய் மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

என்னைப் பார்க்க வரும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பலரிடம், பிரிவைவிட ஆறாமல் இருப்பது தங்களிடம் சொல்லாமல் நடந்தது என்ற காயம். எதற்காகப் போனார்கள், எவ்வளவு நாள், எப்போது வருவார்கள் என்று தெரிந்த பிள்ளை கோபப்பட்டாலும் காத்திருக்கிறது. தெரியாத பிள்ளை, தன்னை விட்டுவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது அவன் தலையில் ஏறியிருக்கும் சுமை. ரேஷன் கடை, அம்மாச்சியின் மாத்திரை, தங்கையைப் பள்ளியில் விடுவது எல்லாம் அவன்தான். போதாததற்குக் குழுக் கடன் வசூலிக்க வருகிறவர் அவனைத் தெருவில் நிறுத்தி “உங்கம்மா எப்ப கட்டுவா” என்று கேட்கிறார். “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை” என்று அப்பாவின் காரியத்தன்றே அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். பெருமையாகச் சொன்னதுதான். ஆனால் 13 வயதில் அதைக் கேட்டவன் அன்றோடு அழுவதை நிறுத்தியிருப்பான். தங்கையைப் பள்ளியில் விடுவதுபோல ஒன்றிரண்டு வேலை இருக்கட்டும், அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு. கடன் விவகாரம் அவனிடம் போகவே கூடாது. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, கடன் வாங்கியவரின் உறவினரைத் தொந்தரவு செய்யக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. வசூல் என்ற பெயரில் மிரட்டுவதைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2025-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. உங்கள் தம்பி அந்த நிறுவனத்தின் கிளைக்குப் போய், “இனி என்னிடம் பேசுங்கள், பையனிடம் பேசினால் புகார் கொடுப்பேன்” என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரட்டும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பெற்றோர் வேலைக்காக வெளியூர், வெளிநாடு போன பிள்ளைகளைப் பற்றிய 111 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள். பெற்றோர் உடனிருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், பிரிந்திருந்தவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு 52 சதவீதம் அதிகம்; பதற்றம் 85 சதவீதம்; தற்கொலை எண்ணம் 70 சதவீதம். அவற்றில் பெரும்பாலானவை சீனாவில், கிராமத்திலிருந்து நகரத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பற்றியவை, ஆகவே அந்த எண்களை அப்படியே புதுக்கோட்டைக்குப் பொருத்த மாட்டேன். ஆனாலும் ஒன்று தெளிவு. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனநோய் வருவது அரிதான விஷயமல்ல. உங்கள் வளர்ப்பின் தனிக் குறையும் அல்ல. வாய்ப்பு அதிகம் என்றால் எல்லாருக்கும் வரும் என்று பொருளில்லை என்பதையும் சேர்த்து மனதில் வையுங்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் நன்றாகவே வளர்கிறார்கள்.

‘நான் செய்த பாவம்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்பா துபாய்க்குப் போனால் தியாகம், அம்மா குவைத்துக்குப் போனால் பாவம் என்று பேசுவது நம் ஊரில் மட்டும் இல்லை. இலங்கையில் 2013-இல், ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள பெண்கள் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று அரசே விதி போட்டது; 2022-இல்தான் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். அப்பாக்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. நாலரை லட்சம் கடனோடு, இரண்டு பிள்ளைகளோடு, கிராமத்தில் கூலி வேலையை நம்பி நின்ற பெண்ணுக்கு எத்தனை வழிகள் இருந்தன என்று உங்களைக் குறை சொல்கிறவர்கள் சொல்லட்டும். நீங்கள் போனது தவறில்லை. சொல்லாமல் போனதுதான் தவறு. அதைச் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.

எங்கே காட்டுவது, மாத்திரை, போலீஸ் வேலை

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். செலவு இல்லை. மாமா கூட வந்தால் போதும். நீங்கள் இல்லாததால் பார்க்க மாட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் உங்களால் முடிந்தால் வீடியோ அழைப்பில் இருங்கள். அப்பாவின் சாவு, நீங்கள் போன விதம், கீறல்கள், அவன் தங்கையிடம் கேட்டது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்துவிடுங்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் இவை விட்டுப்போகக் கூடாது. மகனோடு தனியாகப் பேச மருத்துவர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்வார், மாமா அதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாருக்கும் மாத்திரை கொடுத்துவிடுவதில்லை. லேசான நிலையில் பேச்சு வழிச் சிகிச்சை முதலில் வரும். மாத்திரை தேவை என்று மருத்துவர் முடிவுசெய்தால் மறுக்காதீர்கள். மனச்சோர்வுக்கு இன்று தரப்படும் மாத்திரைகள் போதைக்கு அடிமையாக்குபவை அல்ல. பலன் தெரிய நாலைந்து வாரம் ஆகலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் இந்த வயதுப் பிள்ளைகளை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். படபடப்போ, சாகும் எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தேறியதும் நாமாக நிறுத்தக் கூடாது. மாத்திரையை அம்மாச்சி தன் கையில் வைத்திருந்து, தினம் ஒன்று எடுத்துக் கொடுக்கட்டும்.

போலீஸ் வேலைக் கவலைக்கு வருகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. புறநோயாளியாகப் பார்த்துவிட்டு வந்ததை மருத்துவமனை பள்ளிக்கோ தேர்வு வாரியத்துக்கோ அனுப்பிவைப்பதில்லை. கையில் கீறல் இருந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று கொழுந்தனார் சொன்னதும் பழைய பயம். தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டம். அவன் போலீஸ் ஆகும் கனவுக்கு இன்று இருக்கும் ஒரே ஆபத்து, சிகிச்சை பெறாமல் பள்ளி நின்றுபோவதுதான்.

பள்ளியில் எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை. வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும், “உடம்பு சரியில்லை, சிகிச்சையில் இருக்கிறான், வருகைப் பதிவில் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று மாமா சொல்லிவைத்தால் போதும். அரசுப் பள்ளி ஆசிரியர்களில் இப்படிப்பட்ட பையன்களைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

உங்கள் அம்மா மந்திரிக்கக் கூட்டிப்போவதை நான் தடுக்க மாட்டேன். அவருக்குத் தெரிந்த வழியில் பேரனைக் காப்பாற்றப் பார்க்கிறார். திருநீறு பூசட்டும், கயிறு கட்டட்டும். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது என்று எதுவும் இருந்தால் மட்டும் உடனே நிறுத்த வேண்டும். கோயிலுக்குப் போவதால் ஆஸ்பத்திரி தள்ளிப்போகவும் கூடாது. அவரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இன்னொன்று: “உங்கம்மா உனக்காகத்தான் அந்த வெயில்ல சாகுறா” என்று அவனிடம் சொல்வதை விட்டுவிடட்டும். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், தான் இருப்பதால்தான் அம்மாவுக்குக் கஷ்டம் என்று அவன் எடுத்துக்கொள்கிறான். அவன் தங்கையிடம் கேட்ட கேள்வியில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஹாஸ்டல் யோசனை

இப்போது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அப்பா போனார், அம்மா போனாள், இப்போது வீட்டை விட்டு என்னையும் அனுப்புகிறார்கள் என்றுதான் அவனுக்கு அது படும். கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளையை இரவில் யாரும் தனியாகக் கவனிக்காத இடத்தில் விடுவதும் ஆபத்து. தேறியபிறகு, பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது, அவனே விரும்பினால் அது வேறு.

போனைப் பிடுங்குவதும் இப்போதைக்கு வேண்டாம். ராத்திரி முழுக்க அதில் கிடப்பது தூக்கம் வராததன் விளைவாகவும் இருக்கலாம். சிகிச்சை தொடங்கியபின், பத்தரை மணிக்கு மேல் போன் அம்மாச்சி அறையில் என்று அவனோடு பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அதற்கு நீங்கள் அழைக்கும் நேரமும் மாற வேண்டும். வேலை முடிந்து குவைத்தில் பத்து மணிக்கு அழைக்கிறீர்கள். ஊரில் அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. பிள்ளைகள் அதுவரை விழித்திருக்கிறார்கள், அல்லது தூங்கி எழுந்து பேசுகிறார்கள். உங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று பிற்பகல் மூன்றரைக்கு அழைத்தால் ஊரில் மாலை ஆறு. பள்ளி விட்டு வந்திருப்பார்கள். அதை நீண்ட பேச்சுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் முடிந்தபோது ஒரு சின்னக் குரல் பதிவு அனுப்புங்கள். இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். சாப்பிட்டியா, படிச்சியா, தங்கச்சியைப் பார்த்துக்கிட்டியா என்ற மூன்றும் அவன் காதில் விசாரணையாக விழுகின்றன. அன்று அந்த வீட்டில் நடந்ததை, செய்த சமையலை, பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். அவன் பேசாவிட்டால், “சரி சாமி, அடுத்த வெள்ளிக்கிழமை கூப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கூப்பிடுங்கள்.

திரும்பி வருவதா?

கோபத்திலோ பயத்திலோ அந்த வீட்டிலிருந்து சொல்லாமல் வெளியேறிவிடாதீர்கள். ஓடிப்போனதாக கஃபீல் (உங்கள் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) புகார் கொடுத்தால் உங்கள் பயணமே சிக்கலாகி, பிள்ளைகளிடம் வந்துசேர்வது இன்னும் தள்ளிப்போகும். உங்களுக்குச் சட்டப்படியே வழி இருக்கிறது. குவைத்தின் 2015-ஆம் ஆண்டு 68-ஆம் எண் வீட்டுப் பணியாளர் சட்டம், வாரம் ஒரு நாள் ஓய்வும் ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுப்பும் தருகிறது. ஒப்பந்தம் முடிந்தால் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் பணிமுடிவுத் தொகையாக உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் தரவில்லை. இரண்டாவது ஒப்பந்தத்தில் ஒரு வருடம் முடித்துவிட்ட நீங்கள் விடுப்புக் கேட்பது சலுகை கேட்பதாகாது. மகனின் மருத்துவச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். மறுத்தால் குவைத்திலுள்ள இந்தியத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் முறையிடுங்கள். ஊரிலிருந்து உங்கள் தம்பி, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் மனு கொடுக்கலாம்.

என் கருத்தைக் கேட்டால்: மருத்துவர் ஆபத்து அதிகம் என்று சொன்னால் பத்து மாதத்தையும் கடனையும் பார்க்காமல் முறைப்படி முடித்துக்கொண்டு வாருங்கள். ஆபத்து உடனடியாக இல்லை, சிகிச்சையில் தேறுவான் என்றால், சீக்கிரமே 30 நாள் விடுப்பில் வந்து, பிறகு மீதி மாதங்களை முடித்துவிட்டு வரலாம். எப்படியானாலும் மூன்றாவது ஒப்பந்தம் வேண்டாம். பாக்கிக் கடனுக்குத் தவணையை நீட்டிக்கொள்ளலாம். அவனுடைய இந்த இரண்டு வருடத்தை நீட்ட முடியாது.

விடுப்பில் வரும்போது கடனின் முழுக் கணக்கையும் அவன் முன்னால் வையுங்கள். எவ்வளவு வாங்கியது, எவ்வளவு கட்டியது, எவ்வளவு மிச்சம், நான் எந்த மாதம் வருவேன். கட்டும் பொறுப்பை அவனுக்குக் கொடுக்க இல்லை, தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு என்பதற்காக. மறுபடி போவதாக இருந்தால் அவனும் தங்கையும் விமான நிலையம் வரை வரட்டும். அழுவார்கள். அழட்டும்.

நீங்கள் வந்தவுடன் ஓடிவந்து கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில நாட்கள் முகம் கொடுக்க மாட்டான், சுருக்கென்று ஏதாவது கேட்பான். “இப்ப எதுக்கு வந்தீங்க” என்றுகூடக் கேட்கலாம். மூன்று வருடக் கோபத்தைக் காட்ட அவனுக்கு ஆள் கிடைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். அந்த 30 நாளில் வீட்டைப் பெயிண்ட் அடிப்பது, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போவது என்று நாட்களை நிரப்பிவிட வேண்டாம். பணப் பழக்கத்தையும் அப்போதே மாற்றிவிடுங்கள்: உங்கள் பெயரிலோ அம்மா பெயரிலோ உள்ள கணக்குக்கு இனி பணம் வரட்டும். கொழுந்தனார் மேல் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளி நோட்டு வாங்கக்கூடச் சித்தப்பா வாசலில் போய் நிற்பது அந்த வயதுப் பையனுக்கு எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்கே தெரியும்.

மகளைப் பற்றி

நீங்கள் அவளைப் பற்றிக் கேட்கவே இல்லை. ‘அவள் சமர்த்து, அவளால் தொந்தரவு இல்லை’ என்று ஒரு வரி. 12 வயதுப் பெண், அண்ணன் கையைப் பார்த்துவிட்டு, அவன் கேட்டதையும் கேட்டுவிட்டு, அம்மாச்சியிடம் சொல்லாமல், இரவில் அவன் தூங்கிவிட்டானா என்று எழுந்து எழுந்து பார்க்கிறாள். தொந்தரவு கொடுக்காத பிள்ளையைத்தான் நாம் கடைசியாகக் கவனிக்கிறோம். “நீ சொன்னது ரொம்ப நல்லது கண்ணு, நீ அண்ணனைக் காட்டிக் கொடுக்கல, காப்பாத்தியிருக்க. இனிமே மாமா பாத்துக்குவாரு, நீ தூங்கு” என்று இன்றே சொல்லுங்கள். அண்ணனைப் பற்றித் தகவல் கேட்க அவளை அழைக்காதீர்கள். வயதுக்கு வரும் பருவம். அம்மாச்சியிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் அவளுக்கு இருக்கும். அதற்கு உங்கள் தம்பி மனைவியையோ, நம்பிக்கையான அத்தை ஒருவரையோ பேசிவையுங்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவளையும் கூட்டிப்போய் ஆலோசகரிடம் ஒரு கால்மணி நேரம் பேசவைத்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கும் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பாத்திரம் கழுவும்போது தானாக அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம். அங்கே உங்களோடு பழகும் நம் ஊர்ப் பெண்கள் யாராவது ஒருவரிடம் இந்த வெள்ளிக்கிழமை மனம்விட்டுப் பேசுங்கள். விடுப்பில் வரும்போது மகனைப் பார்க்கும் அதே மருத்துவரிடம் உங்களுக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள்.

இப்போது முதலில் தம்பிக்கு அழையுங்கள். மகனோடு பேசும்போது என்ன சொன்னான், மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். விடுப்புக்கான விண்ணப்பத்தில் என்ன குறிப்பிட வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.